எந்தப் போதை உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போதைப்பொருள் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை, ஊரையும் மாற்றிவிட்டோம். "எல்லாப் போதையும் ஆளைக் கொன்றுவிடும்" என்று பொத்தாம்பொதுவாக மிரட்டுவதில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. கஞ்சா அடித்தவன் மறுநாள் காலையில் எழுந்து டீக்கடைக்கு வருவதைப் பையன்கள் கண்ணால் பார்க்கிறார்கள். நாம் மிகைப்படுத்தியது அங்கேயே தெரிந்துவிடுகிறது, அப்புறம் ஊசியையும் மாத்திரையையும் பற்றி நாம் சொல்கிற நிஜமும் அவர்கள் காதில் ஏறுவதில்லை. அதனால் எது எங்கே அடிக்கும், எதில் உயிர் போகும், எதில் புத்தி போகும் என்று தனித்தனியாகவே சொல்கிறேன்.

"கஞ்சா வெறும் மூலிகை, அதனால் செத்தவன் ஒருத்தனும் கிடையாது, சரக்கைவிட எவ்வளவோ மேல்" என்கிறான் என் அறை நண்பன். அவன் சொல்வது உண்மையா? (கல்லூரி மாணவர், கோவை)

பாதி உண்மை, தம்பி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கோலம் குழுவினர் 1964-ல் அதைப் பிரித்தெடுத்து அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு செடிச்சாறு மூளையில் வேலை செய்கிறதென்றால், மூளையிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தாக வேண்டும், அந்த ஏற்பிகளுக்கென்று உடம்பே சுரக்கும் ஒரு பொருளும் இருந்தாக வேண்டும் என்று தேடி, 1992-ல் அதையும் கண்டுபிடித்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். இந்த ஏற்பிகள் நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ், உடம்பைத் தள்ளாடாமல் வைத்திருக்கும் சிறுமூளை, பயத்தைக் கையாளும் அமிக்டலா, யோசித்து முடிவெடுக்கும் முன்மூளை ஆகிய இடங்களில் மண்டிக் கிடக்கின்றன. ஆனால் மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. அதனால்தான் கஞ்சா மட்டும் அடித்த ஒரு பெரியவர் மூச்சு நின்று சாவது அபூர்வம். உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இதோடு முடிகிறது.

மீதிப் பாதி அவருடைய வயதில் இருக்கிறது. முன்மூளை முழுசாகப் பக்குவப்பட ஏறக்குறைய 25 வயது ஆகும். அதுவரை தேவையில்லாத இணைப்புகளை வெட்டி, தேவையானதைப் பலப்படுத்தும் வேலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த வேலையை மேற்பார்வை பார்ப்பதில் ஆனந்தமைடுக்கும் பங்கு உண்டு. அது தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில், துளியாகச் சுரந்து உடனே கரைந்துபோகும். டிஎச்சி அப்படி இல்லை, ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் அடிப்பவர் வகுப்பில் உட்கார்ந்திருப்பார், பாடம் காதிலும் விழும், ஆனால் மனதில் பதியாது. அரியர் ஏறிக்கொண்டே போகும். "எனக்கு எதிலும் ஆர்வம் இல்லை டாக்டர்" என்று வந்து உட்காரும் பையன்களிடம் நான் முதலில் விசாரிப்பதே இதைத்தான்.

அடுத்தது மனச்சிதைவு, அதாவது இல்லாத குரல் கேட்கும், இல்லாததை நம்ப வைக்கும் மனநோய். ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது பரிசோதித்த சுமார் 45,000 இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து கவனித்து 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்காக இருந்தது. குடும்பச் சூழல், முன்பே இருந்த மனப் பிரச்சினைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. 2019-ல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் செய்த ஆய்விலும் இதே திசையில்தான் முடிவு வந்தது. டிஎச்சி அதிகமுள்ள வீரியமான ரகத்தைத் தினமும் எடுப்பவர்களுக்கு அபாயம் கிட்டத்தட்ட 5 மடங்கு. கஞ்சா அடிக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை, வராதவர்களே அதிகம். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது மனச்சிதைவு இருந்தால், உங்கள் நண்பரிடம் இந்தப் பத்தியை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள், அவருக்கு இது விளையாட்டே இல்லை.

அடிமையாக்காது என்பதும் பொய். எடுத்துப் பார்ப்பவர்களில் 100-க்கு 9 பேர் அளவில் அடிமையாகிறார்கள். பள்ளி வயதில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய 6-ல் ஒருவர்.

என் மகனுக்கு 23 வயது. எட்டு மாதமாக விட்டு விட்டு வாந்தி. மூன்று ஆஸ்பத்திரி பார்த்து, எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள். வாந்தி வரும் நாட்களில் குளியலறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறான், கீசர் போட்டுக்கொண்டு கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டே இருக்கிறான், முதுகெல்லாம் சிவந்துவிட்டது. அவனுடைய பையில் ஒரு பொட்டலம் பார்த்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? (ஒரு தாய், திண்டுக்கல்)

பெரும்பாலும் இருக்கும், அம்மா. நீங்கள் அந்தக் குளியலறை விவரத்தை எழுதியதால்தான் இவ்வளவு தூரம் சொல்ல முடிகிறது. பல வருடம் கஞ்சாவை விடாமல் எடுப்பவர்களில் சிலருக்கு இப்படி வருகிறது. 2004-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பக்கத்து மருத்துவர்கள் இதை முதன்முதலாக விரிவாக எழுதினார்கள். காலையில் குமட்டல், வயிற்றைப் பிசையும் வலி, நிற்காத வாந்தி, சுடுதண்ணீர் மேலே விழும்போது மட்டும் நிம்மதி. குடும்பத்தார் சுடுதண்ணீர் சங்கதியை மருத்துவரிடம் சொல்லமாட்டார்கள், அது நோயோடு சேர்ந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பையன் கஞ்சாவைப் பற்றி வாயே திறக்கமாட்டான். ஆக ஸ்கேன் மேல் ஸ்கேன்.

இதில் வேதனை என்னவென்றால், சிறிய அளவில் கஞ்சா குமட்டலைக் குறைக்கும், அதனால் பையன் அதையே மருந்தாக நினைத்து இன்னும் கொஞ்சம் இழுப்பான், வாந்தி இன்னும் கூடும். வழக்கமான வாந்தி ஊசிகள் பல பேருக்குக் கேட்பதில்லை, வேறு மருந்துகள் உண்டு, அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நிரந்தரத் தீர்வு கஞ்சாவை முழுசாக நிறுத்துவது மட்டும்தான். டிஎச்சி கொழுப்பில் தங்கும் பொருள் என்பதால் நிறுத்திய மறுநாளே சரியாகிவிடாது, வாரக்கணக்கில் ஆகும். வாந்தியோடு சிறுநீர் குறைந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடம்பில் நீரும் உப்பும் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிலையில் வந்து சேர்பவர்கள் இருக்கிறார்கள். வேறு காரணங்கள் இல்லை என்பதையும் மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். முதலில் அவனிடம் சத்தம் போடாமல் கேளுங்கள், அப்புறம் அவனையும் கூட வைத்துக்கொண்டே மருத்துவரிடம் உடைத்துச் சொல்லுங்கள்.

என் தம்பி வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். கேட்டால் "மெடிக்கலில் விற்கிற மாத்திரைதானே அக்கா, ஹெராயினா என்ன" என்கிறான். கையெல்லாம் தழும்பு. போன மாதம் ஒருநாள் ராத்திரி அவன் குறட்டை விட்ட விதமே சரியில்லை, பயந்துபோய்த் தட்டி எழுப்பினேன். (ஒரு சகோதரி, மதுரை)

அந்த ராத்திரி நீங்கள் தட்டி எழுப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த இதழில் வந்த கடிதங்களிலேயே என்னை மிகவும் பதற வைத்தது உங்களுடையதுதான்.

நம் ஊரில் இப்படிப் பையன்கள் ஊசியில் ஏற்றுவது பெரும்பாலும் டேபென்டடால் என்ற மாத்திரை. கடுமையான வலிக்கு மருத்துவர் சீட்டோடு மட்டுமே தர வேண்டிய மருந்து. அபின், ஹெராயின், மார்ஃபின் போய் ஒட்டுகிற அதே ஏற்பியில்தான் இதுவும் ஒட்டுகிறது. அந்த ஏற்பிகள் வலிப் பாதையிலும் இருக்கின்றன, குடலிலும் இருக்கின்றன (மலச்சிக்கல் அதனால்தான்), எல்லாவற்றையும்விட முக்கியமாக மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்புக் கூட்டத்திலும் இருக்கின்றன. நாம் தூங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளைத்தண்டு உடனே "மூச்சு விடு" என்று உத்தரவு போடும். இந்த மருந்து அந்த உத்தரவை மழுங்கடித்துவிடுகிறது. ஆள் வலியில்லாமல், போராடாமல், தூங்குவது போலவே போய்விடுவான். பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கூடவே சரக்கோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அபாயம் பல மடங்கு, ஏனென்றால் அவையும் அதே மூச்சை வேறு வழியில் அமுக்குகின்றன.

மாத்திரை என்பதால் பாதுகாப்பு என்று தம்பி நினைக்கிறானே, அது தலைகீழ். வயிற்றுக்குள் போவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான், மீதியெல்லாம் அதைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும் மாவும் டால்க்கும் செல்லுலோஸும். அவை தண்ணீரில் கரையாது. ரத்தக்குழாயில் ஏறினால் நேராக இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து நுரையீரல். நுரையீரலின் மயிரிழை ரத்தக்குழாய்களில் அந்தத் துகள்கள் போய் அடைத்துக்கொண்டு, நாளாவட்டத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஊசியோடு போகும் கிருமி இதய வால்வில் கூடு கட்டும். இருபத்திச் சொச்சம் வயதுப் பையன் வாரக்கணக்கில் குளிர் ஜுரம் என்று வருவான், எக்கோ எடுத்தால் வால்வில் சதைத் துணுக்கு மாதிரி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். தவறிப்போய் விரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் குத்திவிட்டால் விரல்கள் கறுத்து, எடுக்க வேண்டி வரும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி. தம்பிக்கு இந்த இரண்டுக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் பரிசோதனை செய்யுங்கள், எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம், ரகசியமாகவே வைத்திருப்பார்கள். ஹெபடைட்டிஸ் சி-க்கு இப்போது மூன்று மாத அளவில் மாத்திரை சாப்பிட்டாலே பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடுகிறது.

இனி அந்தக் குறட்டை. இந்த மருந்து அதிகமாகிவிட்டால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், உதடும் நகமும் நீலம் பாயும், தொண்டையில் கொரகொர என்று சத்தம் வரும், உலுக்கினாலும் எழமாட்டான், மூச்சு நிமிடத்துக்கு ஏழெட்டு என்று இறங்கியிருக்கும். உடனே 108. "என்ன எடுத்தான்" என்று கேட்டால் மறைக்காதீர்கள், அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் காப்பாற்றும். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தாலும் புரையேறாது. மூச்சு நின்றிருந்தாலோ அரிதாக விட்டு விட்டு வந்தாலோ தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒருமுறை மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆக்சிஜன் இல்லாமல் 4 முதல் 6 நிமிடத்திலேயே மூளை கெட ஆரம்பித்துவிடும், ஆம்புலன்ஸ் வரும்வரை அவனுக்கு மூச்சு நீங்கள்தான். முகத்தில் தண்ணீர் அடிப்பது, காபி ஊற்றுவது, உப்புக் கரைசல் கொடுப்பது எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் நலாக்சோன் என்ற ஊசி போடுவார்கள், ஓரிரு நிமிடத்திலேயே கண்ணைத் திறப்பான். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், உள்ளே இருக்கும் மருந்து அதைத் தாண்டியும் இருக்கலாம். "எழுந்துவிட்டான், வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் இழந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. இரண்டு மாதம் நிறுத்திவிட்டு ஒருநாள் பழைய அளவையே எடுப்பான் பாருங்கள், அன்றைக்குத்தான் அபாயம் உச்சத்தில் இருக்கும். நிறுத்திய நாட்களில் உடம்பு தாங்கும் சக்தியை இழந்திருக்கும், மனதுக்கு மட்டும் பழைய அளவு நினைவிருக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்தும் சிறையிலிருந்தும் வெளியே வந்த முதல் சில வாரங்களில் சாவு அதிகம் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. தம்பி சிகிச்சை முடிந்து வந்ததும் அவனைத் தனி அறையில் விடாதீர்கள்.

எங்கள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன்கள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் விட்டு முகர்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிக்கத் துரத்தினால் ஓடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? (ஆசிரியர், கடலூர்)

ஐயா, முதலில் துரத்துவதை நிறுத்துங்கள். இதைக் கைகூப்பிக் கேட்கிறேன். சொல்யூஷன், தின்னர், வைட்னர் போன்றவற்றின் ஆவி சில நொடியில் ரத்தத்தில் ஏறி, இதயத் தசையை அட்ரினலினுக்கு அளவுக்கு மீறிக் கூச்சப்பட வைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் பையன் திடுக்கிட்டாலோ தலைதெறிக்க ஓடினாலோ உடம்பில் பொங்கும் அட்ரினலின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, நின்ற இடத்திலேயே சாய்த்துவிடலாம். முதல் தடவை முகர்ந்த குழந்தைக்கும் இது நேரலாம். மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை வாங்கிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் அமைதியாக இருக்க வையுங்கள். விசாரணையெல்லாம் பிறகு.

சொல்யூஷனில் இருக்கும் டொலுயீன் என்ற ரசாயனம் கொழுப்பில் கரையும் பொருள், மூளையின் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறையும் கொழுப்புதான். மாதக்கணக்கில் முகரும் பிள்ளைகளுக்கு அந்த உறையே சிதையும். கை நடுங்கும், நடை தள்ளாடும், நேற்றுவரை எழுதிய கணக்கு இன்று வராது, பல பேருக்கு இது முழுசாகத் திரும்புவதும் இல்லை. நான் இதுவரை எழுதியவற்றில் மூளைத் திசுவை நேரடியாக அரிப்பதில் இதுதான் மோசம், விலையோ ஐந்து பத்து ரூபாய். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் விகிதம் கூடுதலாக இருந்த ஒரே போதை இந்த முகரும் வகைதான். 10 முதல் 17 வயதுக்குள் 1.7 சதவீதம், பெரியவர்களில் 0.58.

பெரும்பாலும் பசியும், வீட்டில் அடியும், அப்பாவின் குடியும் பின்னால் இருக்கும். மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தெருவைத் தவிர வேறு இடம் இருக்காது. பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, சொல்லி வையுங்கள். உதட்டுக்கு அடியில் வைக்கும் புகையிலைப் பொட்டலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது நிகோடின், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதுகிறேன்.

ஐடி வேலை. டெட்லைன் சமயத்தில் நண்பர்கள் மெத் (மெத்தம்ஃபெட்டமின்) எடுத்துவிட்டு இரண்டு நாள் தூங்காமல் வேலை பார்க்கிறார்கள், வார இறுதியில் பார்ட்டிக்கு எம்டிஎம்ஏ. "நாங்கள் அடிமை இல்லை, தேவைப்பட்டால் மட்டும்" என்கிறார்கள். நானும் ஓரிரு முறை எடுத்தேன். சமீபத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. (பெயர் வேண்டாம், சென்னை)

படபடப்பை முதலில் காட்டுங்கள், இந்த வாரமே ஒரு ஈசிஜி. நெஞ்சு வலி வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், மெத் எடுத்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முப்பது வயதுக்குள் மாரடைப்பு வருவதற்கு இந்த வகைப் பொருள்களும் கொக்கெயினும் முக்கியக் காரணம். இதயத்தின் ரத்தக்குழாயை இறுக்கி, அதே நேரத்தில் இதயத்தை வேகமாக ஓடவும் வைக்கின்றன. மருத்துவரிடம் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. படபடப்புக்கு வழக்கமாகத் தரும் சில மருந்துகள் இவற்றோடு சேரும்போது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருத்துவர் போலீஸ் இல்லை, அவருக்குச் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க உண்மை வேண்டும், அவ்வளவுதான்.

தூங்காமல் வேலை வாங்க மெத்தைப் பயன்படுத்துவது உங்கள் அலுவலகத்தில் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1938 வாக்கில் ஜெர்மனியில் பெர்விட்டின் என்ற பெயரில் கடையில் விற்றார்கள், 1940-ல் படைவீரர்களுக்கு லட்சக்கணக்கில் மாத்திரை போனது. ஜப்பானிலும் ஹிரோப்பான் என்ற பெயரில் தொழிற்சாலை ஆட்களுக்கும் விமானிகளுக்கும் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மிச்சம் இருந்த சரக்கு சந்தைக்கு வந்து ஊரே அடிமையாகி, 1951-ல் தனிச்சட்டமே போட வேண்டியதாயிற்று.

மூளையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நல்ல சாப்பாடு, பாராட்டு, பிடித்தவர் குரல் எதுவானாலும் டோபமின் என்ற ரசாயனம் கொஞ்சம் சுரக்கும், வேலை முடிந்ததும் நரம்பு செல் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மெத் அந்த இழுக்கும் வாசலைத் தலைகீழாக்கி, உள்ளே சேமித்து வைத்ததையும் வெளியே கொட்ட வைக்கிறது. எலிகளில் அளந்து பார்த்தபோது உணவு டோபமினை அடிப்படை அளவிலிருந்து பாதி அளவு கூட்டியது, இந்த வகைப் பொருள் சுமார் பத்து மடங்காக்கியது. கொக்கெயின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம் போதும், மெத்துக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும். இவ்வளவு நேரம் அந்த வெள்ளத்தில் நின்ற நரம்பு செல் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் பிரியாணியில் ருசி இல்லை, குழந்தையின் சிரிப்பில் ஒன்றும் தோன்றவில்லை, திங்கட்கிழமை எழுந்து பல் தேய்ப்பதே மலையாகத் தெரிகிறது. "தேவைப்பட்டால் மட்டும்" என்பவருக்கு அந்தத் தேவை அடிக்கடி வர ஆரம்பிப்பது இப்படித்தான்.

தூக்கம் இல்லாமல் மூன்றாம் நாள் ஆகும்போது சந்தேகம் வரும். வாசலில் யாரோ நிற்கிறார்கள், லேப்டாப் கேமராவில் யாரோ பார்க்கிறார்கள். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்கிறது என்று நகத்தால் தோண்டித் தோண்டி, இரண்டு முன்னங்கையிலும் வரிசையாகப் புண்ணோடு வந்த ஒரு மென்பொருள் பொறியாளரைப் பார்த்திருக்கிறேன், ஒரு தீப்பெட்டியில் எதையோ பிடித்து வைத்து எனக்குக் காட்டினார், உள்ளே இருந்தது அவருடைய தோலின் பொருக்குதான். சிகிச்சையில் தெளிந்தார்.

எம்டிஎம்ஏ பெரும்பாலும் செரட்டோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தைக் கொட்ட வைக்கிறது, அதனால் எல்லோர் மேலும் அன்பு பொங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காரணமில்லாத அழுகை வருவது அந்தச் சேமிப்பு வற்றியதால். உயிராபத்து வேறு இடத்தில் இருக்கிறது, மூடிய அறையில் கூட்டத்தோடு ஆடும்போது உடம்புச் சூடு 41, 42 டிகிரி செல்சியஸ் வரை ஏறித் தசை கரைந்து சிறுநீரகம் நின்றுபோகும். சூட்டுக்குப் பயந்து லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ஏனென்றால் இந்த மருந்து சிறுநீர் வெளியேறுவதைக் குறைத்துவிடும், ரத்தத்தில் உப்பு இறங்கி மூளை வீங்கி வலிப்பு வரும். இத்தனைக்கும் வாங்கும் மாத்திரையில் எம்டிஎம்ஏதான் இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

இதற்கு நடுவில் ஒரு நல்ல செய்தி. மெத்தை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2001-ல் நோரா வோல்கோவ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குறைந்துபோன டோபமின் வாசல்கள் பெருமளவு திரும்பியிருந்தன. நினைவும் கைவேகமும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. ஓரிரு முறை எடுத்திருக்கிறீர்கள் என்றால் நீங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, இப்போதே நிறுத்திவிடுங்கள்.

கணவர் இருபது வருடக் குடிகாரர். சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து விற்கிறார்கள், வாங்கலாமா? (ஒரு மனைவி, சேலம்)

வாங்காதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் இருந்தால், அது உள்ளே இருக்கும்போது அவர் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்தை நாங்களும் தருகிறோம்தான், ஆனால் நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்து, அவர் சம்மதித்தால் மட்டும்.

அதைவிட முக்கியம், தினமும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். ஹெராயினை நிறுத்தினால் ஆளை முறுக்கிப் பிழியும், வயிற்றோட்டம், கொட்டாவி, மூக்கில் நீர், இருந்தாலும் பொதுவாக உயிர் போகாது. மதுவும் தூக்க மாத்திரையும் அப்படி இல்லை. இவை மூளையை அமைதிப்படுத்தும் பக்கத்தை வருடக்கணக்கில் தூண்டி வைத்திருக்கின்றன, அதற்கு ஈடுகட்ட மூளை எதிர்ப்பக்கத்தை முறுக்கேற்றிக்கொண்டே வந்திருக்கும். திடீரென்று குடியை நிறுத்தினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாவது நாளை ஒட்டி நடுக்கம், வேர்வை, சுவரில் பூச்சி தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது. "பேய் பிடித்துவிட்டது" என்று கோயிலுக்குக் கூட்டிப் போய்த் தாமதமானவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் மருந்தோடு நிறுத்தினால் இதைத் தடுத்துவிடலாம். அங்கே பி1 வைட்டமின் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். நெடுநாள் குடித்தவருக்கு அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போகும் அபாயம் இருக்கிறது.

என் பேரன் மாத்திரைப் பழக்கத்தில் இருக்கிறான். மனசு வைத்தால் விடலாம், ஒரு கல்யாணம் செய்துவைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்கிறார்கள் உறவினர்கள். (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

ஐயா, அந்தப் பெண் யாரோ ஒருவருடைய பேத்தி. கல்யாணம் சிகிச்சை இல்லை. இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், இப்படிக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் எங்கள் வார்டு வாசலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

மனசு வைக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் மனசு வைக்கும் முன்மூளையையே போதை பலவீனமாக்கி வைத்திருக்கிறது. அதே சமயம் சூழலின் பங்கையும் குறைத்துச் சொல்ல முடியாது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் பலர் ஹெராயினுக்கு அடிமை என்று 1971-ல் தெரிந்து அந்த நாடே கலங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஊர் திரும்பியவர்களைத் தேடித்தேடிப் பார்த்தார். அடிமையாக இருந்தவர்களில் மூன்று வருடத்துக்குள் சிறிது காலமேனும் மறுபடி அடிமையானவர்கள் 12 சதவீதம்தான். போர் இல்லை, அந்த நண்பர்கள் இல்லை, எளிதாகக் கிடைக்கும் சரக்கு இல்லை, வீடும் வேலையும் இருந்தன. உங்கள் பேரனுக்கும் இதுதான் வேண்டும். அந்த நண்பர் வட்டத்திலிருந்து விலகி இருக்கும்படி ஒரு வேலை, மாதாமாதம் தவறாத மருத்துவச் சந்திப்பு, தேவைப்பட்டால் புப்ரினார்ஃபின் மருந்து. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று சிலர் கேட்பார்கள். அது ஏற்பியில் பாதி அளவு மட்டும் வேலை செய்து ஏக்கத்தை அடக்குகிறது, மூச்சை அமுக்குவது ஒரு எல்லைக்கு மேல் போகாது, அதைச் சாப்பிடுபவர் வேலைக்குப் போகலாம். இந்த மருந்தில் இருப்பவர்களுக்குச் சாவு வெகுவாகக் குறைகிறது.

ஒருமுறை வழுக்கினால் "கெட்டுப்போனவன்" என்று கைகழுவாதீர்கள். சிகிச்சை எடுத்தவர்களில் 100-க்கு 40 முதல் 60 பேர் வரை ஒருகட்டத்தில் திரும்பப் போகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் மறுபடி வருபவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான், அவர்களை நாம் யாரும் திட்டுவதில்லை.

மகனுக்குத் தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடாதா? (ஒரு தந்தை, ஈரோடு)

திருட்டுத்தனமாகச் செய்யாதீர்கள், முடிவு எதுவானாலும் அவன் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவான். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டையும் முழுசாக நம்பத்தக்கதில்லை. முந்தின நாள் குருமாவில் கசகசா அதிகம் சேர்ந்திருந்தாலே அபின் வகை என்று காட்டிவிடலாம், டேபென்டடால் சாதாரணப் பட்டையில் தெரியாமலே போகலாம், தொடர்ந்து கஞ்சா அடித்தவனுக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் காட்டலாம்.

போலீஸ் பயம் புரிகிறது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து அதை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சைக்குப் போவதே குற்றம் ஆகாது. தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, மனநல மருத்துவர் வருகிறாரா, வாரம் ஒருமுறை நீங்கள் மகனைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சங்கிலி, அடி, பூட்டு என்றால் அங்கே விடாதீர்கள், 2017 மனநலச் சட்டப்படி அது குற்றம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவிலேயே இதற்குச் சிகிச்சை கிடைக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 தேசிய போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ், இரண்டுக்கும் காசு கிடையாது. மகனையே பேசச் சொல்லுங்கள், அவன் மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.